நாற்காலியும் கையொப்பமும்



உள்ளாட்சியில் பெண்கள் என்ற தலைப்பைச் செங்கல்பட்டில் பேசுவதற்குத் தனிக் காரணம் உண்டு. 1929 பிப்ரவரி 17, 18 ஆகிய இரண்டு நாள்களில் சென்னை மாகாணத்தின் முதல் சுயமரியாதை மாநாடு இந்த ஊரில்தான் கூடியது. தலைமை வகித்தவர் சௌந்தரபாண்டியன். பெண்ணுக்கு ஆணோடு சமமான சொத்துரிமையும் வாரிசுரிமையும் வேண்டும், அவள் எந்தத் தொழிலையும் செய்யலாம், பதினாறு வயதுக்கு மேல்தான் திருமணம், துணையைத் தானே தேர்ந்துகொள்ளலாம், வேண்டாமென்றால் விலகலாம், கைம்பெண் மறுமணம் செய்துகொள்ளலாம் என்றெல்லாம் இங்கே தீர்மானம் நிறைவேறியது. சொத்துரிமை பற்றிய தீர்மானம் சட்டமாக அறுபது ஆண்டுகள் ஆயின. தமிழ்நாட்டின் திருத்தம் 1989 மார்ச் 25 முதல் செல்லும் என்று ஆனபோது, அந்த மாநாட்டுப் பந்தலில் குழந்தையாக இருந்தவர்கள் பாட்டிகளாகியிருந்தார்கள்.

சொத்தை நான் முதலில் பேசுவது, பதவிக்கும் நிலத்துக்கும் உள்ள உறவு இந்தப் பகுதியில் மிகப் பழையது என்பதால்தான். பக்கத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை முறையை விரிவாகச் சொல்பவை. கணக்குக் காட்டாதவனையும் அவன் உறவினரையும் தள்ளிவைத்த அந்த விதியை நான் மனமார மதிக்கிறேன். ஆனால் குடத்தில் ஓலை விழ என்ன வேண்டும்? வரி கட்டும் கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி, முப்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் இடைப்பட்ட வயது. நிலமில்லாதவருக்கும் பெண்ணுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை. ஆயிரம் ஆண்டுகள் கழித்து நிலத்தகுதி சட்டத்திலிருந்து போய்விட்டது. ஊருக்குள் அது போய்விட்டதா என்பதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து பார்க்க விரும்புகிறேன்.

இடஒதுக்கீடு தில்லியில் தோன்றி இங்கே இறங்கியது என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். 1930இல் லண்டனில் கூடிய முதல் வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்திருந்த நம் மாகாணத்தாரில் இருவரைச் சொல்ல வேண்டும். ஒருவர் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன். அம்பேத்கருக்கு அருகில் அமர்ந்து ஒடுக்கப்பட்ட மக்களுக்குச் சட்டமன்ற இடங்களைக் கேட்டவர். இன்னொருவர் அன்றைய சேலம் மாவட்டத்துக் குமாரமங்கலம் குடும்பத்தின் ராதாபாய் சுப்பராயன். பெண்களுக்கென்று இடங்களை ஒதுக்க வேண்டும் என்று வாதிட்டவர். அந்நாளின் பெரிய பெண்கள் சங்கங்களே அவரோடு உடன்படவில்லை. சலுகை வேண்டாம், வயதுவந்த அனைவருக்கும் வாக்குரிமை கொடுங்கள், சமமான களத்தில் நாங்கள் வருகிறோம் என்றார்கள். கொள்கையளவில் அது உயர்ந்த நிலைப்பாடு. களம் சமமாக இருந்திருந்தால் அது போதுமாகவும் இருந்திருக்கும். ராதாபாய் களத்தைப் பார்த்துப் பேசினார். பின்னால் வந்த 1935ஆம் ஆண்டுச் சட்டம் சென்னைச் சட்டமன்றத்தின் 215 இடங்களில் 8 இடங்களைப் பெண்களுக்கு வைத்தது. விடுதலைக்குப் பின் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. 2021 தேர்தலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் 234 இடங்களில் வென்ற பெண்கள் 12 பேர். தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அந்த அம்மையார் சொன்னது சரியென்று காட்ட இதைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

உள்ளாட்சி வேறு வழியில் போயிற்று. 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. மூன்றில் ஒரு பங்கு இடங்களும் தலைமைப் பதவிகளும் பெண்களுக்கு. தமிழ்நாட்டில் 1994இல் ஊராட்சிகள் சட்டம், 1996இல் முதல் தேர்தல். அதற்குச் சற்று முன்னால்தான் அறிவொளி இயக்கம் ஊர் ஊராகப் போயிருந்தது, மகளிர் குழுக்கள் வளர்ந்துகொண்டிருந்தன. கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்ட கையோடு காசோலையில் கையெழுத்துப் போட வந்தவர்கள் அந்த முதல் அணியில் பலர்.

அவர்கள் எந்தக் காலத்தில் வந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. 1997 ஏப்ரல் 23 அன்று மதுரை வில்லாபுரத்தின் மாநகராட்சி உறுப்பினர் லீலாவதி நடுத்தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார். தம் வார்டுக்குக் குழாய்த் தண்ணீர் வர வேண்டும் என்று அவர் நின்றது, தண்ணீரை விற்றுப் பிழைத்தவர்களுக்குப் பொறுக்கவில்லை. நம் மாவட்டத்து ஊரப்பாக்கத்தில் ஊராட்சித் தலைவராக இருந்த மேனகாவும் பதவியில் இருக்கும்போதே கொல்லப்பட்டார். பட்டியல் சாதியில் பிறந்த பெண் அவர். இன்று அடுக்குமாடிகள் நிறைந்த அந்த ஊரின் வழியே மின்சார ரயிலில் போகும் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் தெரியாது. இதுபோன்ற மேடைகளில் அதைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியது நம் கடமை.

2016இல் தமிழ்நாடு உள்ளாட்சியில் பெண்களின் பங்கைப் பாதியாக உயர்த்தியது. சட்டம் வந்தது, தேர்தல் வரவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. பெரும்பாலான மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளில் 2019 டிசம்பரில் வாக்குப்பதிவு நடந்தது. காஞ்சிபுரத்திலிருந்து நம் மாவட்டம் பிரிந்தது 2019 நவம்பரில். புதிதாகப் பிரிந்த மாவட்டங்களில் வார்டு வரையறை முடியவில்லை என்பதால் நம் 359 ஊராட்சிகளும் இன்னும் காத்திருந்தன. 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில்தான் இங்கே ஓட்டுப் போட்டோம். ஐந்து ஆண்டுகள், அதாவது ஒரு முழுப் பதவிக்காலம், பாதி இடம் பெண்ணுக்கு என்ற சட்டம் கையில் இருந்தும் உட்கார நாற்காலி இல்லை. அந்த நாற்காலியில் தனி அலுவலர் உட்கார்ந்திருந்தார். நகர்ப்புறம் 2022 பிப்ரவரி 19 வரை காத்திருந்தது.

அந்தக் காத்திருப்பின் விலை என்ன என்பதற்கு மாமல்லபுரத்திலேயே ஒரு சான்று உண்டு. 2021 அக்டோபரில் பூஞ்சேரி நரிக்குறவர் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு தாய், கோயில் அன்னதானப் பந்தியிலிருந்து தாம் எழுப்பி அனுப்பப்பட்டதைக் கேமராவுக்கு முன் நின்று சொன்னார். நாடே பார்த்தது. அமைச்சர் வந்து அவரோடு பந்தியில் அமர்ந்து சாப்பிட்டார். நவம்பர் 4, தீபாவளியன்று முதலமைச்சர் பூஞ்சேரிக்கே வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாக்களும் சான்றிதழ்களும் கொடுத்தார். கொடுத்தது நல்ல காரியம், அதில் எனக்குக் குறையில்லை. நான் கேட்பது வேறு. பட்டாவும் சாதிச் சான்றும் ஒரு குடியிருப்புக்கு இல்லை என்பது வார்டு உறுப்பினர் ஒருவர் மாதாமாதம் மன்றத்தில் எழுப்ப வேண்டிய விஷயம். அன்றைக்குப் பேரூராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. அந்தத் தாய் நேரே நாட்டைப் பார்த்துப் பேச வேண்டியதாயிற்று.

இனி நாற்காலிக்கு வருவோம். 2021இல் வென்ற பெண் தலைவர்கள் பலரிடம் நான் பேசியிருக்கிறேன். அவர்களைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் புகார் உங்களுக்குத் தெரியும்: தலைவர் அம்மா வீட்டில் இருக்கிறார், வீட்டுக்காரர்தான் பிரசிடென்ட். இது நடக்கிறது, மறுக்கவில்லை. சுவரொட்டியில் கணவர் படம் பெரிதாக இருக்கிறது, வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் அவருக்கு நாற்காலி போடுகிறார்கள். ஆனால் புகார் சொல்கிறவர்கள் எல்லாக் கூட்டங்களிலும் கணவரைப் பார்க்கிறார்களே ஒழிய, கணவரை அழைத்த அதிகாரியைப் பார்ப்பதில்லை. கணவருக்குப் போட்ட போனை அந்தப் பெண்ணுக்கே போட்டிருந்தால் அவர் எடுத்திருப்பார். ஊராட்சிச் செயலர் முதலில் எந்த எண்ணுக்கு அழைக்கிறார் என்பதில் பாதி விஷயம் முடிந்துவிடுகிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையொப்பம் இட வேண்டும் என்கிறது நம் ஊராட்சிகள் சட்டத்தின் 188ஆவது பிரிவு. ஒருவரை ஒருவர் கண்காணிக்க வேண்டும் என்ற நல்ல நோக்கம்தான். தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், அந்தப் பதவிக்கு ஒதுக்கீடு உண்டு. துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள், அதற்கு ஒதுக்கீடு கிடையாது. எனவே என்ன நடக்கிறது? தலைவர் பதவி பெண்ணுக்கு அல்லது பட்டியல் சாதிப் பெண்ணுக்குப் போய்விட்டது என்று தெரிந்ததும், ஊரின் பெரிய கை துணைத் தலைவர் பதவியைப் பிடித்துக்கொள்கிறது. அவர் வேறொன்றும் செய்ய வேண்டாம், கையெழுத்துப் போடாமல் இருந்தால் போதும். மோட்டார் பழுதாகி நிற்கும், குடிநீர் வராது, மின்கட்டணம் பாக்கி நிற்கும், தூய்மைப் பணியாளருக்குச் சம்பளம் தள்ளிப்போகும். ஊர் கேட்பது தலைவரைத்தான். “பொம்பள பிரசிடென்ட்டா வந்தா இப்படித்தான்” என்பார்கள்.

ஒரு தலைவர் என்னிடம் சொன்னார்: “போன மாசம் குழாய் மாத்தினதுக்குக் கடைக்காரர் என்னைத்தான் நிறுத்திக் கேட்கறார். பில் மை காயறதுக்குள்ள நான் கையெழுத்துப் போட்டுட்டேன். அந்தப் பக்கத்துக் கையெழுத்து இன்னும் வரலை.” இதற்குத் தீர்வு தேடி மாவட்ட ஆட்சியரிடம் போனால், 203ஆவது பிரிவின் கீழ் இருக்கும் அவசர அதிகாரத்தைக் கொண்டு துணைத் தலைவரின் இடத்தில் ஓர் அலுவலரைக் கையொப்பமிட வைக்கலாம். சில இடங்களில் செய்திருக்கிறார்கள். ஆனால் அந்த நிலை வந்த பிறகு ஊராட்சியின் அதிகாரம் ஊரில் இருப்பதில்லை, வட்டார அலுவலகத்துக்குப் போய்விடுகிறது. கண்ணுக்குத் தெரியும் அவமதிப்பு வேறு கதை. 2020 ஆகஸ்ட் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் பட்டியல் சாதிப் பெண் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. அதே ஆண்டு கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலைவரைத் தரையில் உட்காரவைத்தார்கள். அவை செய்தியாகவும் படமாகவும் வெளிவந்ததால் நடவடிக்கை வந்தது. கையொப்பம் வராத காசோலையை யாரும் படம் எடுப்பதில்லை. அதனால் சொல்கிறேன்: தலைவர் பதவி பெண்ணுக்கோ பட்டியல் சமூகத்துக்கோ ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் துணைத் தலைவர் பதவிக்கும் ஒதுக்கீடு வேண்டும். இல்லையென்றால் நியாயமான காரணம் எழுதாமல் குறிப்பிட்ட நாளுக்குள் கையொப்பமிடாத துணைத் தலைவரின் அதிகாரம் தானாகவே வேறொரு வார்டு உறுப்பினருக்குப் போகும்படி சட்டத்தைத் திருத்த வேண்டும். சட்டமன்றம் மனம் வைத்தால் ஒரு கூட்டத்தொடரில் முடிகிற வேலை இது.

இப்போது கடற்கரைக்குப் போக வேண்டும். முட்டுக்காட்டிலிருந்து கோவளம், நெம்மேலி, பட்டிபுலம், தேவனேரி, மாமல்லபுரம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் வழியாக ஆலம்பரை வரை குப்பங்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு குப்பத்திலும் இரண்டு பஞ்சாயத்துகள். ஒன்று அரசுப் பதிவேட்டில் உள்ளது. அதில் குப்பம் ஒரு வார்டு, பெரும்பாலும் உள்நாட்டு விவசாய ஊரோடு சேர்ந்த ஒரு மூலை. மற்றது ஊர்ப் பஞ்சாயத்து. எந்த வலை போடலாம், எந்த வலை கூடாது, எந்த நாள் கடலுக்குப் போகக் கூடாது, படகு மோதினால் யார் யாருக்கு ஈடு கொடுப்பது, கோயில் திருவிழாவுக்கு எவ்வளவு வரி, காவல் நிலையத்தோடும் மீன்வளத் துறையோடும் பேசுவது யார் என்பதையெல்லாம் முடிவு செய்வது அது. தலைக்கட்டுக் கணக்கில் ஆண்கள் வரி கட்டுகிறார்கள், ஆண்கள் கூடுகிறார்கள், ஊர்ப் பெரியவர்களான நாட்டார்கள் தீர்ப்புச் சொல்கிறார்கள். மீனைக் கரையில் ஏலம் எடுப்பதும், கூடையில் சுமந்து செங்கல்பட்டுச் சந்தை வரை கொண்டுபோய் விற்பதும், அந்தக் காசில் டீசலுக்குக் கடன் அடைப்பதும் பெண்கள். அந்தக் கூட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை.

ஊர்ப் பஞ்சாயத்தை ஒழிக்க வேண்டும் என்று பேச நான் வரவில்லை. கடல் வளத்தை அழிக்கும் வலைகளைத் தடுத்து நிறுத்தியதில் அதற்குப் பங்குண்டு. சிறு பிரச்சினைக்கெல்லாம் நீதிமன்றப் படியேறாமல் மக்களை அது காத்துவந்திருக்கிறது. ஆனால் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். நிவாரணப் பொருள்களும் தொண்டு நிறுவனங்களின் பணமும் வந்து குவிந்தபோது, பெரும்பாலான குப்பங்களில் பங்கீடு ஊர்ப் பஞ்சாயத்தின் பட்டியல்படிதான் நடந்தது. வரி கட்டும் ஆண் இல்லாத வீடு பட்டியலில் பின்னால் போயிற்று அல்லது விழவே இல்லை. கணவனை இழந்தவர், கணவன் விட்டுப்போனவர், தனியாகக் கூடை சுமந்து பிள்ளை வளர்த்தவர் எல்லாரும் கெஞ்சிக் கேட்க வேண்டிய இடத்தில் நின்றார்கள். படகு போனவனுக்குப் படகு வந்தது. மீன் வாங்கி வைத்திருந்த காசும் கூடையும் தராசும் போனவளுக்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை. கரையில் அப்போது வேலை செய்த ஆய்வாளர்களும் பெண்கள் அமைப்புகளும் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

அதே மறுவாழ்வில் நல்லதும் ஒன்று நடந்தது. 2005 மார்ச்சில் அரசு போட்ட ஆணை, புதிதாகக் கட்டித் தரும் வீடுகளை மனைவி, கணவன் இருவர் பெயரிலும் பதிவு செய்யச் சொன்னது. செங்கல்பட்டுத் தீர்மானம் எழுபத்தாறு ஆண்டுகள் கழித்துக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது என்று நான் அதை எடுத்துக்கொள்கிறேன். பத்திரத்தில் பெயர் இருக்கும் பெண் ஊராட்சித் தேர்தலுக்கு நிற்கும்போது, அவரை வீட்டை விட்டுப் போகச் சொல்லி யாரும் மிரட்ட முடியாது. வேட்பாளராக நிற்கத் தயங்கும் பெண்களிடம் பேசினால் கட்சி, பணம், சாதி எல்லாம் பிறகுதான் வரும். முதலில் வருவது இந்த அச்சம்தான். ஆகையால் அரசுக்கு ஒரு வேண்டுகோள்: மீன்பிடித் தடைக்கால உதவியோ, புயல் நிவாரணமோ, தூண்டில் வளைவு பற்றிய கலந்தாய்வோ, எதற்காக ஊர்ப் பஞ்சாயத்தைக் கூப்பிட்டாலும் அந்தக் குப்பத்தின் பெண் வார்டு உறுப்பினரும் மீன் விற்கும் பெண்களும் அமராத கூட்டத்தை அதிகாரிகள் நடத்தக் கூடாது. ஊர் வழக்கத்தில் கைவைக்க அரசுக்குத் தயக்கம் இருக்கலாம். தன் சொந்தக் கூட்டத்தை எப்படி நடத்துவது என்பதில் தயக்கம் இருக்க வேண்டியதில்லை.

பெண் தலைவர் வந்தால் என்ன மாறிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில் ராகவேந்திர சட்டோபாத்யாயவும் எஸ்தர் டுஃப்லோவும் செய்த ஆய்வு 2004இல் வெளியானது. எந்த ஊராட்சி பெண்ணுக்கு என்பது அங்கே முன்கூட்டியே வகுத்த முறைப்படி மாறி மாறி விழுந்ததால், இரண்டு வகை ஊர்களையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. பெண் தலைமை வகித்த ஊராட்சிகள் குடிநீரில் அதிகம் செலவிட்டிருந்தன. அங்கே பெண்கள் அதிகம் கேட்டதும் குடிநீர்தான். நம் நெம்மேலிக் கரையில் 2013இல் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை வந்தது, 2024 பிப்ரவரியில் 15 கோடி லிட்டர் ஆலை சேர்ந்தது, பேரூரில் 40 கோடி லிட்டருக்கு இன்னொன்று திட்டமிடப்பட்டது. அந்தத் தண்ணீர் சென்னைக்குப் போகிறது. இந்தக் கரையில் கிணறு உப்பானால் குடத்தோடு நடப்பது யார் என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் குழாய்கள் கடக்கும் ஊர்களின் பங்கு எவ்வளவு என்று சென்னைக் குடிநீர் வாரியத்திடம் கேட்க, குடம் சுமந்தவர்கள் அந்த மேசையில் இருக்க வேண்டும். கிராமசபையில் இந்தக் கேள்வியைப் பெண்கள் எழுப்பித்தான் நான் கேட்டிருக்கிறேன். நூறு நாள் வேலைக்கு வந்தவர்களை எண்ணிக்கைக்காகக் கொண்டுவந்து உட்காரவைக்கிறார்கள் என்று அந்தக் கூட்டங்களைக் குறைத்துப் பேசுவார்கள். வந்து உட்கார்ந்தவர்கள் பேசவும் தொடங்கினார்கள் என்பதை அவர்கள் கவனிப்பதில்லை.

அதே பீர்பூமில் 2009இல் வந்த இன்னொரு ஆய்வு நமக்கு மிக முக்கியமானது. ஒரு முறை மட்டும் பெண்ணுக்கு ஒதுக்கி, அடுத்த முறை எடுத்துவிட்ட ஊர்களில் ஒதுக்கீடு இல்லாத இடங்களில் பெண்கள் வெல்வது அவ்வளவாகக் கூடவில்லை. தொடர்ந்து இரண்டு முறை ஒதுக்கப்பட்ட ஊர்களில் ஒதுக்கீடு போன பிறகும் பெண்கள் நின்றார்கள், வென்றார்கள். ஊரின் கண் பழக இரண்டு பதவிக்காலம் தேவைப்படுகிறது. தமிழ்நாட்டில் சுழற்சியைப் பத்தாண்டுக்கு ஒருமுறை என்று வைத்திருப்பது இந்த வகையில் சரியானது. யாராவது அதை ஐந்தாகக் குறைக்க வந்தால் எதிர்க்க வேண்டும். ஆனால் பத்தாண்டு முடிந்து பொதுவுக்கு மாறும்போது நம் கட்சிகள் என்ன செய்கின்றன? நன்றாக நடத்திய பெண் தலைவரிடம், “அம்மா, இது பொதுவாயிடுச்சு, விட்டுக் குடுத்துடுங்க” என்கிறார்கள். 2022இல் தாம்பரம் மாநகராட்சியின் முதல் மேயராக வசந்தகுமாரி இருபத்தைந்து வயதில் வந்தார். மாநிலத்தில் அப்போதிருந்த 21 மாநகராட்சிகளில் 11 பெண்களுக்கு என்று ஒதுக்கியதால் திறந்த கதவு அது. கதவைத் திறக்கச் சட்டம் போதும். அடுத்த முறை அந்தப் பதவி பொதுவானால் அவரைப் போன்றவர்களுக்கு இடம் கொடுப்பது கட்சிகளின் கையில் இருக்கிறது.

நம் மாவட்டத்தில் 2021 அக்டோபரில் பதவியேற்றவர்களின் காலம் 2026 அக்டோபரில் முடிகிறது. பெரும்பாலான மாவட்டங்களில் 2025 சனவரியில் காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். இங்கேயும் தேர்தல் தள்ளிப்போனால் முதலில் இழப்பது, போன முறை ஐந்தாண்டு காத்திருந்து இந்த முறை முதன்முதலாக வந்த பெண்கள்தான். கணக்கும் சட்டமும் கற்று, அதிகாரியிடம் எதிர்த்துப் பேசவும் பழகியவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சில ஆண்டுகள் கழித்துப் புதியவர்களை அதே முதல் படியில் நிறுத்துவோம். எனவே இங்கே அமர்ந்திருக்கும் ஊராட்சித் தலைவர்களை ஒன்று கேட்கிறேன். உங்கள் காலம் முடியுமுன் நடக்கும் கிராமசபைகளில், உரிய நாளில் தேர்தல் நடத்த வேண்டும் என்றும் துணைத் தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு வேண்டும் என்றும் தீர்மானம் கொண்டுவாருங்கள். 359 ஊராட்சிகளிலும் பதிவேட்டில் ஏற்றி, நகலை மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கும் ஊரக வளர்ச்சித் துறைக்கும் அனுப்புங்கள். வரைவை எழுதித் தர நானும் இங்குள்ள வழக்கறிஞர் நண்பர்கள் சிலரும் ஆயத்தமாக இருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் பக்கத்து அறையில் உட்கார்ந்து பேசலாம்.